சுரங்கத்தைப் பற்றிப் பேசாதவர்கள் ஏன் பாடுகிறார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். திருமணமாகித் தெற்கு வேல்ஸில் இருக்கிறீர்கள். கணவரின் தாத்தாவும் அவருடைய தம்பிகளும் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர்கள். கல்யாணமோ துக்கமோ, வீட்டில் நாலு பெரியவர்கள் கூடினால் பாட்டுதான்; பாடும்போதே கண் கலங்கிவிடுகிறது. ஆனால் சுரங்கத்தைப் பற்றி நீங்கள் ஏதாவது கேட்டால், "அதெல்லாம் பழைய கதை" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அந்தப் பாட்டுகளில் சுரங்கம் எங்கே இருக்கிறது, உங்கள் பிள்ளைகளுக்காக அந்தக் குடும்பக் கதையை எப்படித் திரட்டுவது என்பது உங்கள் கேள்வி.

அவர்கள் பாடுவதில் நிலக்கரி என்ற சொல்லே அநேகமாக வராது. அதனால்தான் உங்களுக்குக் குழப்பம். தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் பாட்டு பெரும்பாலும் தேவாலயக் கீர்த்தனை, இல்லாவிட்டால் காதல் பாட்டு. ரக்பி மைதானத்தில்கூட ஆயிரக்கணக்கானவர்கள் பாடும் 'கூம் ரோந்தா' மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் பான்ட்டிப்ரீத் ஊருக்குப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் அதை முதலில் பாடினார்கள். மெட்டமைத்த ஜான் ஹியூஸ் அங்கிருந்த ஒரு சுரங்கத்தின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஆண்கள் சேர்ந்திசைக் குழுக்கள் உயிராக நினைக்கும் 'மிவான்வி', மனம் மாறிப்போன பெண்ணை நினைத்துப் பாடும் காதல் பாட்டு. அதற்கு இசையமைத்த ஜோசப் பாரி 1841இல் மெர்த்திர் டிட்வில் ஊரில் பிறந்தவர்; ஒன்பது வயதிலேயே சுரங்க வேலைக்குப் போனவர். பிறகு குடும்பத்தோடு அமெரிக்கா போய், இரும்பாலையில் வேலை பார்த்து, படித்து, திரும்பி வந்து அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியில் இசைப் பேராசிரியரானார். சுரங்கம் பாட்டின் வரிகளில் இல்லாவிட்டாலும் பாட்டைக் கட்டியவர்களின் வாழ்க்கையில் இருந்தது, பாடியவர்களின் மூச்சிலும் இருந்தது. பாடகர்களில் பாதிப்பேர் காலையில் கூண்டில் ஏறிக் குழிக்குள் இறங்கியவர்கள்.

ரோந்தா பள்ளத்தாக்கில் 1851இல் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1911இல் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. எங்கெங்கிருந்தோ வேலை தேடி வந்தவர்கள், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், மலைச்சரிவில் வரிசை வீடுகளில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். அவர்களை ஊராக்கியவை தேவாலயமும் தொழிற்சங்கமும் பாட்டும்தான். பியானோ வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் பாடக் கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் ச ரி க ம என்று எழுதுவதைப் போல, ஐந்து கோடுகள் போட்டுக் குறிப்பு எழுதாமல் வெறும் எழுத்துகளாலேயே சுரத்தை எழுதும் 'டானிக் சால்ஃபா' முறை ஞாயிறு பள்ளிகளில் பரவியிருந்தது. நான்கு குரல்களுக்கான பெரிய இசைப் படைப்பைச் சுரங்கத் தொழிலாளிகள் ஒரு தாளைப் பார்த்தே பாடினார்கள். போட்டி என்று வந்தால் ஊருக்கு ஊர் அவ்வளவு வைராக்கியம்.

இவ்வளவு பாடியவர்கள் வேலையைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? பல பேர் இதை ஆண்பிள்ளை வீம்பு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. அந்த வீட்டின் அன்றாடத்தை நினைத்துப் பாருங்கள். புருஷன் காலையில் போகிறான். அதே குழிக்கு மூத்த மகனும் போகிறான். அங்கே என்ன நடக்கிறது என்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விலாவாரியாகப் பேசினால், மறுநாள் காலையில் அவர்களை வாசல் வரை அனுப்பிவைக்க அந்த அம்மாவுக்கு மனம் வராது. பேசாமல் இருந்தது வீட்டைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு. இரண்டு பக்கமும் தெரிந்தே செய்துகொண்ட ஏற்பாடு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தப் பயம் வீணான பயமும் இல்லை. 1913 அக்டோபர் 14 காலையில் செங்ஹெனித் கிராமத்துச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு தீப்பிடித்து, கரித்தூளைக் கிளப்பி, அதுவும் பற்றி, குகைவழிகள் முழுக்க வெடித்தது. தொழிலாளர்கள் 439 பேர், மீட்கப் போனவர்களில் ஒருவர், ஆக 440 பேர் செத்தார்கள். பிரிட்டனில் அதைவிடப் பெரிய சுரங்க விபத்து இல்லை. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பும் அதே சுரங்கம் வெடித்து 80 பேர் அளவில் இறந்திருந்தார்கள். விசாரணை முடிவில் மேலாளருக்கு 24 பவுண்டு, கம்பெனிக்கு 10 பவுண்டு அபராதம். மேலாளரின் அபராதத்தை மட்டும் வகுத்துப் பார்த்தால் ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்குக்குச் சற்று மேல் (அன்று இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு). இந்தக் கணக்கை அந்தப் பகுதிக் குடும்பங்கள் இன்றும் சொல்லும். விபத்தைப் பற்றிப் பேசாதவர்கள்கூட இந்த ஒரு ஷில்லிங்கைச் சொல்லிவிடுவார்கள். துக்கத்தை விழுங்கிக்கொண்டாலும் அவமானத்தை விழுங்க முடியவில்லை.

பெரிய விபத்துகளே நடக்காத ஊர்களிலும் சாவு இருந்தது. கூரை சரிந்து ஒருவர், வண்டி இடித்து ஒருவர் என்று வாரம் தப்பாமல் செய்தி வரும். அதற்கும் தப்பித்தவர்களை நாற்பது ஐம்பது வயதில் தூசி பிடித்தது. நுரையீரலில் கரித்தூள் படிந்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி, கடைசி வருடங்களில் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பாடிக்கொண்டிருந்த குரல்தான் முதலில் போகும். குழுவில் முன்வரிசையில் நின்றவர் பின்வரிசைக்குப் போய், பிறகு ஒத்திகைக்கு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாடும்போது கலங்குவதில் இப்படிக் குரல் போனவர்களின் நினைவு கட்டாயம் இருக்கும்.

துக்கம் தாங்க முடியாத இடத்தில் பேச்சு நின்று பாட்டு தொடங்கியதற்குத் தெற்கு வேல்ஸின் அபெர்வான் கிராமத்தைவிட வேறு சான்று வேண்டாம். 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு மேடு மழைநீரில் ஊறிச் சரிந்து, கீழே இருந்த தொடக்கப் பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். மிச்சமிருந்த கழிவு மேடுகளை அகற்றும் செலவுக்கு, உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொகை 1997இல்தான் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த அப்பாக்களும், வெறும் கையால் மண்ணைத் தோண்டியவர்களும் வீட்டில் அதைப் பேச முடியாமல் தவித்தார்கள். அவர்கள் ஒன்றுகூடி ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார்கள். இனிசோவன் ஆண்கள் குழு என்று அது இன்றும் பாடுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டவையும் கீர்த்தனைகள், பழைய மெட்டுகள், எல்லோரும் அறிந்த பாட்டுகள்தான். பக்கத்தில் நிற்பவனும் தன்னைப் போலத்தான் என்று தெரிந்து அவனோடு சேர்ந்து மூச்சு இழுப்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

எல்லாச் சுரங்கப் பகுதிகளும் இப்படி மறைத்துப் பாடவில்லை. வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாமில் நேர் எதிர். அங்கே டாமி ஆம்ஸ்ட்ராங் என்ற சுரங்கத் தொழிலாளி இருந்தார் (1848–1920). ஊரில் எது நடந்தாலும் பாட்டுக் கட்டுவார்: வேலைநிறுத்தம், வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சாமான்களைத் தெருவில் எறிந்தது, சிறைவாசம் எல்லாம். நம் ஊர்களில் ரயிலிலும் சந்தையிலும் விற்ற கொலைச்சிந்து, வெள்ளச்சிந்துப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மரபு உடனே பிடிபடும். 1882 பிப்ரவரியில் டிரிம்டன் கிரேஞ்ச் சுரங்கம் வெடித்து எழுபது பேர் அளவில் இறந்தபோது, விதவைகளுக்குப் பணம் திரட்ட ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டின் நடுவில் ஒரு தாய் வருகிறாள். அவளுடைய மூன்று மகன்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, மூவரும் இல்லை என்கிறார். கேட்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பையன்களைத் தெரியும். விசாரணை அறிக்கையில் அவர்கள் பட்டியலில் வரும் மூன்று வரிகள். பாட்டில் அவர்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

அதே டர்ஹாம் பகுதியிலிருந்துதான் வார்த்தையே இல்லாத ஒரு மெட்டும் வந்தது. 1934 செப்டம்பர் 22, சனிக்கிழமை அதிகாலை, வடக்கு வேல்ஸில் கிரெஸ்ஃபோர்ட் சுரங்கம் வெடித்து 266 பேர் இறந்தார்கள். அன்று மதியம் கால்பந்து பார்க்கப் போவதற்காக முறை மாற்றிக்கொண்டு இரவில் இறங்கியவர்கள் அதில் பலர். தீயை அணைக்க முடியாமல் குழியின் வாயை அடைத்துவிட்டார்கள். பெரும்பாலான உடல்கள் இன்றும் உள்ளேதான். ஹெபர்ன் ஊரில் சுரங்கம் மூடியதால் வேலையிழந்திருந்த ராபர்ட் செயின்ட் அவர்களுக்காகப் பித்தளை இசைக்குழு வாசிக்கும் மெட்டு ஒன்றை அமைத்தார். 1938இல் டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவில் அதை வாசித்தார்கள். அன்றிலிருந்து அது சுரங்கத் தொழிலாளர்களின் கீதம். எந்த ஊரில் யார் இறந்தாலும் அதை வாசிக்கிறார்கள். வரிகள் இல்லாததால் அது எந்த விபத்துக்கும் பொருந்தியது, எந்தக் குடும்பமும் தன் சாவை அதில் வைத்துக்கொள்ள முடிந்தது. உங்கள் வீட்டுக் கீர்த்தனைகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

அந்தப் பெருவிழா 1871இல் தொடங்கியது. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு பெரிய பட்டுப் பதாகை. அதன் பின்னால் அந்த ஊரின் வாத்தியக் குழு. அதன் பின்னால் குடும்பங்கள். அந்த வருடம் குழியில் யாராவது இறந்திருந்தால் பதாகையில் கறுப்புத் துணி கட்டுவார்கள். டர்ஹாம் நிலக்கரிப் பகுதியின் கடைசிச் சுரங்கம் மூடியது 1993 டிசம்பரில். ஊர்வலம் நிற்கவில்லை. சுரங்கமே இல்லாத ஊர்கள் பழைய பதாகையைப் பார்த்துப் புதிதாக வரைந்து எடுத்துக்கொண்டு வருகின்றன. முடிந்தால் ஒரு ஜூலை மாதம் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

அமெரிக்காவின் கென்டக்கிப் பாட்டுகள் இன்னும் வெளிப்படையானவை. உங்கள் கேள்விக்கு அவை உதவுவது எப்படி என்றால், குடும்பப் பேச்சு எந்த இடத்தில் பாட்டாக மாறுகிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். மெர்ல் டிராவிஸ் மியூலன்பர்க் என்ற நிலக்கரி மாவட்டத்தில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1946இல் அவர் பதிவு செய்த 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாட்டை டென்னசி எர்னி ஃபோர்டு 1955இல் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அதன் பல்லவியில் இருப்பது கவிஞனின் கற்பனை இல்லை. நாள் முழுக்க டன் கணக்கில் கரி அள்ளினால் மிஞ்சுவது வயதும் கடனும்தான் என்பது டிராவிஸின் அண்ணன் ஒரு கடிதத்தில் எழுதியது. கம்பெனிக் கடைக்கு என் ஆத்மாவே கடன், சாகக்கூட எனக்கு வசதியில்லை என்பது அவருடைய அப்பா வாடிக்கையாகச் சொன்னது. தபாலில் வந்த ஒரு வரி, அப்பாவின் புலம்பலில் ஒரு வரி, அவ்வளவுதான். இந்தப் பாட்டை 1930களிலேயே தான் எழுதியதாக ஜார்ஜ் டேவிஸ் என்ற கென்டக்கித் தொழிலாளிப் பாடகரும் உரிமை கொண்டாடியதுண்டு. ஒரே பேச்சு நூறு வீடுகளில் புழங்கும்போது இப்படி நடப்பதில் ஆச்சரியமில்லை.

அந்தக் கடன் எப்படி ஏறியது என்பதைச் சொன்னால்தான் பாட்டின் கோபம் புரியும். கூலி, அள்ளிய கரியின் எடைக்குத்தான். எடை போடுபவர் கம்பெனி ஆள். கல் கலந்திருக்கிறது என்று சொல்லி வண்டியையே கழித்துவிடலாம். கரியை உடைக்கும் வெடிமருந்து, விளக்குக்கு எண்ணெய், உளி தீட்டும் கூலி, வீட்டு வாடகை, டாக்டர் சந்தா எல்லாம் தொழிலாளியின் கணக்கில்தான் எழுதப்பட்டன. சம்பள நாளுக்கு முன் பணம் வேண்டுமென்றால் கம்பெனி அச்சடித்த உலோக டோக்கன் கொடுப்பார்கள். அது கம்பெனிக் கடையில் மட்டும்தான் செல்லும், விலை வெளிக்கடையைவிட அதிகம். இரண்டு வாரம் உழைத்தவனின் சம்பளச் சீட்டில் கடைசி எண் பூஜ்யமாக இருந்த கதைகள் அந்தக் குடும்பங்களில் ஏராளம்.

கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் 1931இல் தொழிற்சங்கப் போராட்டம் நடந்தபோது, சங்க அமைப்பாளர் ஒருவரைத் தேடி ஷெரீஃபின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். அவர் வீட்டில் இல்லை; மனைவி ஃப்ளோரன்ஸ் ரீஸும் குழந்தைகளும் இருந்தார்கள். வீட்டைக் குடைந்துவிட்டு வெளியே காத்துக்கிடந்தார்கள். ஃப்ளோரன்ஸ் சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து தாளைக் கிழித்து, தேவாலயத்தில் கேட்டிருந்த மெட்டில், நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் பாட்டை எழுதினார். இன்று உலகின் எந்த மூலையில் வேலைநிறுத்தம் நடந்தாலும் அது ஒலிக்கிறது. அதே பகுதியில் மருத்துவச்சியாக இருந்த ஆன்ட் மோலி ஜாக்சன் பட்டினியைப் பாடினார். மேற்கு வர்ஜீனியாவின் ஹேசல் டிக்கன்ஸ் கறுப்பு நுரையீரல் நோயில் அண்ணனை இழந்து அதைப் பாடினார். அந்த நாட்களில் அங்கே குழிக்குள் பெண்கள் இறங்கவில்லை. ஆனால் பாட்டில் பெண்கள் சொன்னதை ஆண்கள் சொல்லவில்லை. மருந்துக்குக் காசில்லாதது, இரவெல்லாம் இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது, பிள்ளைக்குப் பால் இல்லாதது எல்லாம் பெண்கள் வாயிலிருந்துதான் வந்தன. உங்கள் குடும்பத்திலும் பாட்டிகளைக் கேட்கத் தவறாதீர்கள்.

மியூலன்பர்க்கைப் பற்றி இன்னும் ஒன்று. பாடகர் ஜான் பிரைனின் பெற்றோர் அந்த மாவட்டத்துக்காரர்கள், பிழைப்புக்காகச் சிகாகோ பக்கம் போனவர்கள். அவர்களுடைய பாரடைஸ் என்ற சிற்றூர் 1960களில் இல்லாமலே போனது. சுற்றிலும் மண்ணைப் புரட்டி எடுத்த திறந்தவெளிச் சுரங்கங்கள், பக்கத்தில் அனல்மின் நிலையத்தின் சாம்பல். பிரைன் அப்பாவுக்காக அந்த ஊரைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, பதிவு நாடாவை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். பாட்டு தொடங்கியதும் அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, காசு போட்டுக் கேட்கும் கடைப் பெட்டியில் ஒலிப்பதைப் போல நினைத்துக்கொண்டேன் என்றாராம். மகன் எதிரில் உட்கார்ந்து கேட்க அவரால் முடியவில்லை. உங்கள் வீட்டுத் தாத்தா பேச்சை மாற்றுவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

குழிக்குள்ளேயே பாட்டு உயிர் காத்ததும் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஸ்பிரிங்ஹில் சுரங்கம் 1958 அக்டோபர் 23 அன்று தரை உயர்ந்து கூரை இறங்கி நசுங்கியது. 75 பேர் இறந்தார்கள். ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை ஒன்பதாம் நாள்தான் வெளியே எடுத்தார்கள். இருட்டு, தாகம், பக்கத்தில் சிக்கிச் செத்துக்கொண்டிருந்த சகத் தொழிலாளியின் ஓலம். அந்த ஏழு பேரில் ஒருவரான மாரிஸ் ருடிக் பாடியும் மற்றவர்களைப் பாடவைத்தும் தைரியம் குலையாமல் பார்த்துக்கொண்டார். வெளியே வந்தபின் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் தப்பியவர்களை விருந்தினர்களாகக் கடற்கரைத் தீவுக்கு அழைத்தார். ருடிக் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும், அவர் குடும்பம் தனியாகத் தங்க வேண்டும் என்றார்கள். தன்னால் மற்றவர்களின் பயணம் கெடக் கூடாதென்று ருடிக் அதற்கு ஒத்துக்கொண்டார். இந்த இரண்டாம் பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சுரங்கத்தின் கீழே எல்லோரும் சமம் என்ற பேச்சு பாட்டுகளில் அடிக்கடி வரும். கூண்டு மேலே வந்ததும் அது அப்படி இருக்கவில்லை.

பாட்டை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் இதுவே பதில். தேதிக்கும் எண்ணிக்கைக்கும் விசாரணை அறிக்கையைப் பாருங்கள். பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், ஒன்றை விட்டுவிடும். அலபாமாவில் 1928 வரை சிறைக்கைதிகளைக் கூலிக்கு விட்டுக் கரி எடுத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்களை. அவர்களுடைய பாட்டு எங்கும் பரவவில்லை. பிரிட்டனில் 1842 சட்டம் வரும்வரை பெண்களும் பத்து வயதுகூட ஆகாத பிள்ளைகளும் குழிக்குள் வேலை பார்த்தார்கள்; இருட்டில் கதவு திறந்து மூட நாள் முழுக்க உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைகளின் குரல் அரசு விசாரணைக் குறிப்புகளில்தான் கிடைக்கிறது. பாட்டைத் திரட்டியவர்களும் சும்மா திரட்டவில்லை. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சுரங்கப் பாட்டுகளைத் தொகுத்த ஏ. எல். லாயிட் பெரிய சேவை செய்தார். தன் ரசனைப்படி வரிகளைத் திருத்தியும் இருக்கிறார். ஆனால் ஒரு வீட்டில் எது தாங்க முடியாததாக இருந்தது, எதைச் சொல்ல அவர்களுக்குத் துணை தேவைப்பட்டது என்பதை அறிய எனக்குத் தெரிந்து பாட்டைவிட நல்ல ஆதாரம் இல்லை.

வேல்ஸ் பெரியவர்களிடம் பால் ராப்சன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். 1920களின் கடைசியில் லண்டனில் வேலை கேட்டு ஊர்வலம் போன வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டைக் கேட்டு அவர்களோடு சேர்ந்து நடந்தவர். அரசியல் கருத்துகளுக்காக அமெரிக்க அரசு 1950இல் அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கியது. 1957இல் போர்த்கால் நகரில் சுரங்கத் தொழிலாளர் இசைவிழா நடந்தபோது, அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்து அவர் பாட, அரங்கம் நிறையக் கேட்டது. பதிலுக்கு ட்ரியார்கி குழு அவருக்குப் பாடியது. எண்பது வயதைத் தாண்டிய யாராவது அந்த நாளைச் சொல்லத் தொடங்கினால், சுரங்கத்துக்குள் நுழையும் வாசல் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அழுகையைச் சுரங்கம் திரும்ப வர வேண்டும் என்ற ஏக்கமாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். என் பிள்ளை இதில் இறங்கக் கூடாது என்று சொல்லிப் படிக்கவைத்த அதே ஆட்கள்தான், 1984–85இல் சுரங்கங்களை மூடக் கூடாதென்று ஒரு வருடம் சம்பளமில்லாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டும் உண்மை. வேலையை வெறுத்தார்கள், அந்த வேலையால் உண்டான ஊரையும் சங்கத்தையும் ஒருவருக்கொருவர் நின்றதையும் நேசித்தார்கள். தெற்கு வேல்ஸின் டவர் சுரங்கத்தை அரசு மூடியபோது தொழிலாளர்கள் தங்களுக்குக் கிடைத்த பணத்திலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு அதை விலைக்கு வாங்கி, 1995 முதல் 2008 வரை தாங்களே நடத்தினார்கள். வேலையை மட்டும் நினைத்திருந்தால் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

இனி, எப்படிக் கேட்பது. விபத்தைப் பற்றியோ, பயத்தைப் பற்றியோ முதலில் கேட்காதீர்கள். பொருளைக் கேளுங்கள். உங்கள் விளக்கு எண் என்ன? ஒவ்வொருவரும் இறங்கும்போது எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு விளக்கு வாங்குவார்கள். விபத்து நடந்தால் உள்ளே யார் யார் என்பதற்கு அந்த வில்லைதான் கணக்கு. ஐம்பது வருடம் கழித்தும் அந்த எண்ணை மறக்காதவர்கள் உண்டு. பட்டப்பெயரைக் கேளுங்கள். ஜோன்ஸும் டேவிஸும் எவான்ஸும் நிறைந்த ஊரில் பட்டப்பெயர் இல்லாமல் யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் கட்டாயம் ஒரு கதை இருக்கும். தாத்தாவின் கையிலோ நெற்றியிலோ நீலத் தழும்பு இருந்தால் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். காயத்தில் கரித்தூள் புகுந்து ஆறினால் பச்சை குத்தியதைப் போல நிரந்தரமாக நின்றுவிடும். பாட்டியிடம் தகரத் தொட்டியில் வெந்நீர் நிரப்பிய நாட்களைக் கேளுங்கள். அடிக்கடி கழுவினால் முதுகு பலம் இழந்துவிடும் என்று நம்பி முதுகை மட்டும் கழுவ விடாதவர்களைப் பற்றி அவர்கள் சொல்லக்கூடும்.

காகிதங்களையும் தேடுங்கள். சங்கச் சந்தாப் புத்தகம், சம்பளச் சீட்டு, குழுப் படங்கள். தூசி நோய்க்கு நஷ்டஈடு கேட்ட குடும்பமா என்று விசாரியுங்கள். 1998இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஏராளமான குடும்பங்கள் விண்ணப்பித்தன. அந்தக் கோப்பில் எந்தக் குழியில் எத்தனை வருடம், என்ன வேலை என்ற விவரம் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்வான்சியில் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் இருக்கிறது. தொழிலாளர்களின் நேர்காணல் ஒலிப்பதிவுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. உங்கள் குடும்பத்தார் வேலை பார்த்த சுரங்கத்தின் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

அவர்கள் பாடும்போது ஃபோனில் பதிவு செய்தால், பாட்டு முடிந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். பாட்டுக்குப் பின் வரும் பேச்சுதான் உங்களுக்கு வேண்டியது. "இதை அவன் எப்படிப் பாடுவான் தெரியுமா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவன் யார், எந்தக் குழி, என்ன ஆனான் என்று அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும். நடுவில் குறுக்குக் கேள்வி போடாதீர்கள். பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு இன்னொரு நாள் கேளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பிளெனாவனில் பிக் பிட் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு, 1983 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. தலைக்கவசமும் விளக்கும் மாட்டிவிட்டு, கைக்கடிகாரம் ஃபோன் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, 90 மீட்டர் ஆழத்துக்குக் கூண்டில் இறக்குவார்கள். வழிகாட்டிகளாகச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களையே வைத்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு மூச்சு ஒத்துழைக்காவிட்டால் கீழே இறங்க வேண்டாம். மேலே 1939இல் கட்டிய குளியல் கூடம் அப்படியே இருக்கிறது, அங்கே அலமாரி வரிசைகளுக்கு நடுவில் உட்காரவைத்தாலே போதும். அவர் உங்களிடம் பேச மாட்டார், வழிகாட்டியிடம் பேசுவார். எந்தக் குழி, யார் உங்கள் மேஸ்திரி, அவரை எனக்குத் தெரியும் என்று இருவரும் ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளை மட்டும் பக்கத்தில் விட்டுவிடுங்கள்.